நன்மைகளை மெல்லும் மனிதர்

சீர்தூக்கி என்றொரு ஜீவராசி உண்டு. அதைக் காட்டில் போய்த் தேட வேண்டாம். உங்கள் தெருவில் இருக்கும், உங்கள் அலுவலகத்தில் இருக்கும், உங்களுக்கு நேரம் சரியில்லை என்றால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே எதிரில் உட்கார்ந்திருக்கும். இவர் ஒரு பழக்கத்தை விடவும் மாட்டார், அது பழக்கம்தான் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். நடுவில் நின்றுகொண்டு அதன் நன்மைகளை ஒரு கையிலும் தீமைகளை மறு கையிலும் ஏந்தி, இப்படியும் அப்படியுமாகச் சீர்தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்று பார்ப்பார். நாளை பார்ப்பார். பார்த்து முடித்தார் என்று மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த இனத்தில் கிளைகள் நிறைய. நான் நெருங்கிப் பார்த்திருப்பது நிகோட்டின் கிளையை. அவசரப்பட்டு, ஓ, சிகரெட் பிடிக்கிறவரா என்று கேட்டுவிடாதீர்கள், மனிதர் நொந்துபோவார். சிகரெட்டை அவர் எப்போதோ விட்டாயிற்று. விடுவதற்குத் துணையாக இருக்கட்டும் என்று மருந்துக்கடையில் வாங்கினாரே நிகோட்டின் சூயிங்கம், அதைத்தான் விடவில்லை. எலும்பு கூடி, கட்டைப் பிரித்த பிறகும் ஊன்றுகோலோடு நடந்துகொண்டு, ஊன்றுகோல் தோள்பட்டைக்கு எவ்வளவு நல்லது தெரியுமா என்று எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருப்பது அவருக்குத்தான்.

மாப்பிள்ளை ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தொழிற்சாலையில் அவருக்கு 'ரெண்டு பக்கம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "ரெண்டு பக்கமும் பார்க்கணும்" என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது, சொன்னால் எனக்கு வாய் அழுகிவிடும். ஒருவனுடைய ஷூ நாடா அவிழ்ந்திருந்தால் அவனை அங்கேயே நிறுத்தி, நீ தடுக்கி விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு அடி, இரண்டையும் பெருக்கு, என்ன வருகிறது பார் என்று வகுப்பெடுத்து, அவன் நாடாவைக் கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். மூடி சரியாக இறுகாத ஒரு பெயின்ட் டப்பா வெயிலில் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பகுதியில் யாருக்கும் டீ இறங்காது. இத்தனை கறாரான மனிதர் சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் பெருக்கல் வாய்ப்பாட்டையே மறந்துபோவார்.

முதலில் அவருடைய பேச்சைக் கவனியுங்கள். மற்றவர்கள் எல்லாம் எதையாவது 'போடுகிறார்கள்', 'பிடிக்கிறார்கள்', 'அடிக்கிறார்கள்'. இவர் 'பயன்படுத்துகிறார்'. "நான் நிகோட்டின் பயன்படுத்தறேன் மச்சான்" என்று சொல்லும்போது ஏதோ நில அளவைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்போல ஒரு கம்பீரம். அதை வெறுமனே மெல்வதும் இல்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுப்பார், நகத்தால் ஒரு துண்டைப் பிதுக்குவார், நாக்கில் வைப்பார், நிதானமாக நாலு கடி, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட்டு எதிராளியைப் பார்த்து ஒரு புன்னகை. அந்தக் கன்னம் லேசாக உப்பியிருக்கும்போது அவரிடம் எந்த வம்பும் கேட்காதீர்கள், பதில் நீளமாக வரும். பேச்சு வேகத்தில் எச்சிலை விழுங்கிவிட்டால் விக்கல் எடுக்கும். விக்கலோடும் பேசுவார்.

என்ன பேசுவார்? நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி. மாப்பிள்ளை கடைக்கு வந்தால் அன்று வருகிற வாடிக்கையாளரின் கதி இதுதான்:

"சார், புகை வேற, நிகோட்டின் வேற. இதை மொதல்ல ஜனங்க புரிஞ்சுக்கணும்."

"நான் கண்ணாடிக்கு ஃப்ரேம் பார்க்க வந்தேங்க."

"பாருங்க, பாருங்க. புற்றுநோயைக் கொண்டு வர்றது முக்கியமா புகை. அதுல இருக்கற தார், கண்ட கண்ட நச்சு. நிகோட்டின் பாவம், அதுங்களோட சேர்ந்து கெட்ட பேர் வாங்கிடுச்சு."

"இந்தக் கறுப்பு ஃப்ரேம் எனக்கு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. கவனம் கூடும் சார்."

"ஃப்ரேம்லயா?"

"நிகோட்டின்ல."

அந்த ஆள் கறுப்பு ஃப்ரேமை அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனவர்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர் சொல்வதில் பொய் இல்லை. புகைதான் பெரிய எமன், அதை விட்டது பெரிய காரியம். அவர் சிகரெட்டை நிறுத்திய வாரம் என் தங்கச்சி போன் செய்து, "அண்ணா, சட்டையில நாத்தமே இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அதனால் அந்த முதல் அட்டைக்குக் கும்பிடு போடச் சொன்னாலும் போடுவேன். என் வழக்கெல்லாம் அதற்குப் பிறகு வந்த அட்டைகளோடுதான்.

அடுத்து, அவருடைய வாசிப்பு. சீர்தூக்கிகள் படிக்காதவர்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மாப்பிள்ளையின் போன் முழுக்க ஆராய்ச்சிச் செய்திதான். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஓர் எலிக்கு நிகோட்டின் கொடுத்தார்களாம், அது புதிர்ப் பாதையில் சீக்கிரமாக வழி கண்டுபிடித்ததாம். அந்த எலியைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் நெருங்கிய சொந்தத்தில் ஒரு பிள்ளை முதல் வகுப்பில் தேறிவிட்டது என்றே நினைப்பீர்கள். கை நடுக்க நோய் பற்றி ஒரு செய்தி, குடல் புண் பற்றி ஒரு செய்தி, விழிப்புணர்வு பற்றி ஒரு செய்தி, எல்லாம் எனக்கு வந்து சேரும். நான் ஒரு நாள் உட்கார்ந்து பொறுமையாக அவற்றைப் படித்துப் பார்த்தேன். எல்லாக் கட்டுரையிலும் பாதியில் 'ஆனால்' என்று ஒரு பத்தி ஆரம்பிக்கிறது. ஆனால், இதயத்துடிப்பு. ஆனால், ரத்த அழுத்தம். ஆனால், அடிமையாதல். மாப்பிள்ளை அந்த 'ஆனாலு'க்கு முந்தின நிறுத்தத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறார் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

சொந்தமாகவும் ஆராய்ச்சி செய்திருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து சூயிங்கம் போடாமல் இருந்து, பேப்பரில் வரும் எண் புதிரைப் போட உட்கார்ந்தார். புதிர் முடியவில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று மின்விசிறியைத் திட்டினார், பேனா எழுதவில்லை என்று பேனாவை, யாரும் எதுவும் பேசவில்லையே என்று வீட்டில் இருந்தவர்களை. மத்தியானம் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அதே புதிரில் உட்கார்ந்தார். மளமளவென்று முடிந்தது. "பார்த்தீங்களா மச்சான், நிரூபணம்!" என்றார். செருப்புக்குள் கல்லோடு காலையெல்லாம் நொண்டிவிட்டு, கல்லை எடுத்ததும் கால் எவ்வளவு இதமாக இருக்கிறது பார், எல்லாம் இந்தக் கல்லின் மகிமை என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் தலையாட்டினேன். தங்கச்சி வீட்டில் டீ குடிக்கிறவன் வேறு என்ன செய்ய?

சரி, அப்படியானால் விட முடியாதா என்று கேட்டுப் பாருங்கள். "எப்ப வேணும்னாலும் விடலாம். இப்ப விடணும்ங்கற அவசியம் என்ன?" என்பார். அழகான பதில். ஒரு தடவை நாங்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பாதி தூரம் போன பிறகு சட்டைப் பையைத் தட்டினார். பேன்ட் பையைத் தட்டினார். என் பையையும் தட்டினார். முகம் வெளுத்துப்போயிற்று. அதற்குப் பிறகு கார் கல்யாண மண்டபத்தைத் தேடவில்லை, மருந்துக்கடையைத் தேடியது. முதல் கடை பூட்டியிருந்தது, இரண்டாவது கடையில் சரக்கு இல்லை, மூன்றாவது கடைக்கு மழையில் குடை இல்லாமல் ஓடினார், எப்போது வேண்டுமானாலும் விடக்கூடிய அந்த மனிதர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

டாக்டரிடம் போன கதையையும் கேளுங்கள். போன வருஷம் தலை கிறுகிறு என்கிறது என்று தங்கச்சி இழுத்துக்கொண்டு போனாள், துணைக்கு நானும் போனேன். அவளுக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டரம்மாதான். பட்டையைக் கையில் சுற்றி, பம்ப் அடித்துப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறியிருக்கே. சிகரெட் உண்டா?" என்று கேட்டார்கள்.

"விட்டுட்டேன் டாக்டர்."

"ரொம்ப நல்லது. வேற?"

"நிகோட்டின் சூயிங்கம் பயன்படுத்தறேன்."

"எவ்வளவு நாளா?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்து யோசித்தார். தங்கச்சிதான் சொன்னாள்: "பையனை ஸ்கூல்ல சேர்த்தப்போ ஆரம்பிச்சார் டாக்டர். இப்ப அவன் காலேஜ் போறான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்கள். "சார், அது சிகரெட்டை விடறதுக்கு உதவி. கொஞ்ச மாசத்துல அதையும் படிப்படியா குறைச்சு நிறுத்திடணும். திரும்ப சிகரெட்டுக்குப் போறதைவிட இது எவ்வளவோ மேல், அதை மறுக்கல. ஆனா உங்க பிரஷரை வச்சுக்கிட்டு இது வேண்டாம். ஒரேயடியா நிறுத்த முடியலன்னா வாங்க, நான் வழி சொல்றேன்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "கேட்டீங்களா மச்சான், டாக்டரே சொல்லிட்டாங்க. எவ்வளவோ மேல்!"

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சிக்குப் பரீட்சை வந்தது. அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கிற பிரிவில் இருக்கிறாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வராத தெரு, தண்ணீர் நிற்காத தெரு, கலங்கலாக வருகிற தெரு என்று ஊரிலிருக்கிற கோபம் முழுவதையும் காலையிலிருந்து சாயங்காலம்வரை "சொல்லுங்க சார், சொல்லுங்க மேடம்" என்று வாங்கிக்கொள்கிற வேலை. மேற்பார்வையாளர் பரீட்சையில் தேறிவிட்டால் அந்தக் கருவியைக் கழற்றி வைத்துவிடலாம். ஒரு தடவை எழுதிக் கோட்டை விட்டாள். வயது வரம்பு முடிகிறது, இதுதான் கடைசித் தடவை. விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குக் கண்ணைச் சொக்குகிறது. வேலை முடிந்து, வீட்டு வேலையும் முடிந்து புத்தகத்தில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சொக்காது?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவள் கண்ணாடியின் மூக்குத் தாங்கி கழன்றுவிட்டது, மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அவள், புத்தகம், ஆறிப்போன டீ. எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை, போன், உப்பிய கன்னம். நான் நடுவில் சின்னத் திருகாணியோடு போராடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு கட்டுரை கிடைத்திருந்தது. கவனம் கூடுகிறது, ஞாபகம் கூர்மையாகிறது, எதிர்வினை வேகமாகிறது என்று வரி வரியாக வாசித்து, நடுநடுவே "என்ன சொல்றீங்க மச்சான்?" என்று என்னையும் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே திருகினேன்.

தங்கச்சி பேனாவை மூடி வைத்தாள். மேசைமேல் கையை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்க."

"என்னது?"

"அதான், சூயிங்கம்."

மாப்பிள்ளை சிரித்தார். "சும்மா இரு."

"நெஜமாத்தான் கேக்கறேன். படிக்கறது எதுவும் நிக்க மாட்டேங்குதுங்க. மூணாம் பக்கம் போறதுக்குள்ள மொதப் பக்கம் மறந்துபோகுது. கவனம் வரும், ஞாபகம் நிக்கும்னு நீங்கதான சொல்றீங்க? பரீட்சை முடியற வரைக்கும் போட்டுக்கறேன். அப்புறம் விட்டுடறேன். எப்ப வேணும்னாலும் விடலாம்ல?"

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை. என் தங்கச்சிக்குக் குத்திப் பேச வராது, வந்திருந்தால் இத்தனை வருஷத்தில் எவ்வளவோ குத்தியிருக்கலாம். அவள் மெய்யாகவே கேட்டாள். கை நீட்டியபடியே இருந்தது.

மாப்பிள்ளையின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. எடுத்துக் கொடுக்கத்தான் போகிறது என்று நினைத்தேன். போன கை பையை இறுக்கிப் பொத்திக்கொண்டது.

"உனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"உனக்குப் பிரஷர் இருக்கு."

"லேசாதான?"

"லேசோ கனமோ, இது உள்ள போனா இதயம் வேகமா அடிக்கும். ரத்தக்குழாய் சுருங்கும். பிரஷர் இன்னும் ஏறும். மாத்திரை சாப்பிடற ஆளு நீ, வெளையாடறியா?"

"பாதித் துண்டு போட்டுக்கறேன்."

"எல்லாம் பாதித் துண்டுலதான் ஆரம்பிக்கும். தூக்கம் கெடும். இருக்கற தூக்கமும் கெட்டா படிப்பு எங்கேருந்து வரும்? ஈறு எரியும், வயிறு பிரட்டும். கவனம் கவனம்ங்கறாங்களே, அதுவே துளியூண்டு. எல்லா ஆய்வுலயும் ஒரே மாதிரி வரவும் இல்ல. அதுலயும் பழகினவனுக்குப் பாதி என்னன்னா, போடாம இருந்தா வர்ற எரிச்சல் போட்டா போகும், அவ்வளவுதான். உனக்கு அந்த எரிச்சலே கிடையாது, எதைப் போக்கப் போற? எலி வழி கண்டுபிடிச்சா நீயும் கண்டுபிடிப்பியா? எலியும் நீயும் ஒண்ணா?"

எனக்குத் திருகாணி கைநழுவி உருண்டது. அடப்பாவி மனுஷா, கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாரே! 'ஆனாலு'க்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறவர் என்று நான் நினைத்திருந்த ஆள், கடைசி நிறுத்தம்வரை போய், இறங்கி, அக்கம்பக்கம் சுற்றிப் பார்த்து, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார். ஒரு தீமையையும் விடவில்லை. தொழிற்சாலை வாசலில் நின்று புது ஆளை எச்சரிக்கிற அதே குரல், அதே விரல் அசைவு. கன்னத்தில் மட்டும் ஒரு துண்டு ஒதுங்கியிருந்தது.

தங்கச்சி நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இது நல்லதில்லையா?"

"உனக்கு நல்லதில்ல."

"உங்களுக்கு?"

"எனக்குப் பழகிடுச்சு. என் கணக்கு வேற."

"உங்களுக்கும்தான பிரஷர் இருக்கு? டாக்டர் சொன்னப்போ நானும் பக்கத்துல இருந்தேனே. என் கணக்கைப் போடறப்ப உங்களுக்கு இவ்வளவு பயம் வருது. உங்க கணக்குல நான் இல்லையாங்க? உங்களுக்கு ஒண்ணு ஆனா அது யாருக்கு ஆகும்? டாக்டர் வேண்டாம்னு சொல்லியும், நல்லது நல்லதுன்னு நீங்க சொன்னதை நம்பித்தான் இத்தனை வருஷமா நான் பயப்படாம இருந்தேன். இவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சா வச்சிருந்தீங்க? எனக்கு இப்ப பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், புத்தகத்தில் கண்ணீர் விழாமல் இருக்க அதைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

இந்த இடத்தில் ஒரு முழு வளர்ச்சியடைந்த சீர்தூக்கி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் பார்க்கணும் என்று ஆரம்பிப்பார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் கன்னத்திலிருந்ததை எடுத்துக் காகிதத்தில் சுருட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னால விட முடியலம்மா," என்றார்.



"விட்டுப் பார்த்தேன். உனக்குத் தெரியாம ரெண்டு மூணு தடவை விட்டுப் பார்த்தேன். முடியல. ஆபீஸ்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். நாலு பேருக்குப் பாதுகாப்பு சொல்ற ஆளு நான், என் பையில இருக்கற ஒரு அட்டையை என்னால தூக்கிப் போட முடியலன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. அதான் நல்லதுன்னு தேடித் தேடிப் படிச்சேன். நல்லதுன்னா விட வேண்டாம்ல?"

நான் அவருடைய எத்தனையோ பேச்சைக் கேட்டிருக்கிறேன். அத்தனையிலும் இதுதான் சின்னது, விக்கல்கூட வரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து திருகாணியைத் தேடுகிறவன்போல நெடுநேரம் இருந்தேன். திருகாணி என் காலடியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுவாரம் இருவருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள், படிப்படியாகக் குறைக்க அவர்கள் வழி சொன்னார்கள், மாப்பிள்ளை இப்போது அந்தப் படிகளில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறார். சில நாள் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார். ஏறினால் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு ஒண்ணு கூடுதலா போட்டுட்டேன்" என்று அவரே சொல்லிவிடுகிறார். தங்கச்சி, "சரி" என்கிறாள். அவருக்கு எரிச்சல் வருகிற சாயங்காலங்களில் விதிமுறைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, என்னைக் கேள்வி கேளுங்கள் என்று உட்கார்ந்துவிடுவாள். எரிச்சலில் இருக்கிற மனிதர் கேள்வி கேட்டால் எப்படிக் கேட்பார்? புகார் பிரிவில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது பழகின குரல்தான். அந்தக் குரலுக்கு அவளுக்குத் தூக்கம் வரவே இல்லை. பதில் மட்டும் வந்தது.

பரீட்சையில் தேறிவிட்டாள். பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர். அதனால் என்ன, மேற்பார்வையாளர் நாற்காலி முதலாவதாக வந்தவருக்கும் அதே உயரம்தான். காதுக் கருவியைக் கழற்றி வைத்த அன்று போன் செய்து, "அண்ணா, காது லேசா இருக்குண்ணா" என்றாள்.

மாப்பிள்ளையிடம் தொழிற்சாலை ஃபோர்மேன் ஒருவர், சிகரெட்டை விடலாமென்று பார்க்கிறேன், அந்தச் சூயிங்கம் எப்படி சார் என்று கேட்டாராம். முன்பென்றால் அன்று உற்பத்தியே நின்றிருக்கும். இந்தத் தடவை, "நல்ல உதவிதான். டாக்டரைக் கேட்டு வாங்குங்க. எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேக்கறப்பவே எப்ப நிறுத்தறதுன்னும் கேட்டுக்குங்க" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துக்கொண்டாராம். என் கடைக்கும் வருகிறார், சும்மா உட்காருகிறார், ஃப்ரேம் பார்க்கிறவர்கள் நிம்மதியாக ஃப்ரேம் பார்க்கிறார்கள். வியாபாரம் கூடியிருக்கிறது. ஆனாலும் அந்த எலியைப் பற்றி யாரும் பேசாதது எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், கவனித்தேன். நாம் எதையும் மெல்வதில்லையே என்ற தெம்பு. ரொம்ப நல்லது. உங்களிடம் இருப்பது என்னவோ, எனக்கென்ன தெரியும்? டீயாக இருக்கலாம், விடிய விடிய வெளிச்சம் காட்டுகிற போனாக இருக்கலாம், 'கொஞ்சமாக எடுத்துக்கொண்டால் இதயத்துக்கு நல்லது' என்று நீங்கள் எங்கோ படித்த திரவமாகவும் இருக்கலாம். அது நல்லதா கெட்டதா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் பதிலை நீங்கள் தயாராக வைத்திருப்பீர்கள், அந்தப் பதில் நீளமாகவும் இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் பேச்சை முழுசாக நம்பிவிட்ட ஓர் ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், இதோ கையை நீட்டி, எனக்கும் ஒன்று குடுங்க என்கிறார். கொடுங்களேன், ஏன் பையைப் பொத்துகிறீர்கள்?